சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான தத்தெடுப்பு உதவித்தொகை (ஐக்கிய அமெரிக்கா)

தத்தெடுப்பு உதவித்தொகை என்பது, சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கும் குடும்பத்துக்கு ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசும் மாநில அரசும் சேர்ந்து வழங்கும் நிதியுதவி ஆகும். இத்திட்டம் 1980 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்றால் நாடு தழுவிய திட்டமாக உருப்பெற்றது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் தலைப்பிலுள்ள 'இ' பகுதியின் கீழ் இது நடைபெறுகின்றது. மாதந்தோறும் வழங்கப்படும் தொகை, குழந்தைக்கான மருத்துவக் காப்பு, தத்தெடுப்பின்போது ஏற்படும் சட்டச் செலவுகளுக்கான ஈடு ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

இவ்வுதவித்தொகைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே விகிதம் கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய தொகை, குடும்பத்துக்கும் மாநில முகமைக்கும் இடையே பேசி முடிவு செய்யப்பட்டு ஒப்பந்தமாக எழுதப்படுகின்றது. அக்குழந்தை தத்தெடுக்கப்படாமல் அரசின் பராமரிப்பிலேயே இருந்திருந்தால் எவ்வளவு தொகை வழங்கப்பட்டிருக்குமோ, அதுவே தத்தெடுப்பு உதவித்தொகையின் உச்ச வரம்பு ஆகும். இவ்விரு தொகைகளுக்கும் இடையிலான வேறுபாடு, குழந்தைக்கு நிலையான குடும்பம் கிடைப்பதையே பாதிக்கக்கூடியது.

சொற்பொருள்

தமிழில் 'வளர்ப்புப் பெற்றோர்' என்னும் சொல் இருவேறு நிலைகளில் உள்ளவர்களைக் குறிக்கப் பயன்படுகின்றது. இக்கட்டுரையில் அவர்கள் பின்வருமாறு வேறுபடுத்திக் காட்டப்படுகின்றனர்.

பராமரிப்புப் பெற்றோர் - பெற்ற குடும்பத்திலிருந்து நீதிமன்ற ஆணையின்படி அகற்றப்பட்ட குழந்தையைத் தற்காலிகமாகத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். குழந்தையின் சட்டப் பொறுப்பு அரசிடமே இருக்கும். இவர்களுக்கு மாநிலம் பராமரிப்புத் தொகை வழங்குகின்றது.

தத்துப் பெற்றோர் - நீதிமன்றத்தின் இறுதி ஆணையின் மூலம் குழந்தையின் சட்டப்படியான பெற்றோர் ஆனவர்கள். பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமைகள் அனைத்தும் அக்குழந்தைக்கும் உண்டு.

அமெரிக்காவில் அரசுப் பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர், அதுவரை தம்மை வளர்த்த பராமரிப்புப் பெற்றோராலோ உறவினராலோ தத்தெடுக்கப்படுகின்றனர். எனவே ஒரே குடும்பம் முதலில் பராமரிப்புத் தொகையையும் பின்னர் தத்தெடுப்பு உதவித்தொகையையும் பெறும் நிலை இயல்பாக ஏற்படுகின்றது.

வரலாறு

1961 ஆம் ஆண்டு முதல், வறுமையான குடும்பங்களிலிருந்து அகற்றப்பட்ட குழந்தைகளின் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியைக் கூட்டரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்குழந்தைகளின் தத்தெடுப்புக்குக் கூட்டரசின் நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. இதனால் குழந்தை தற்காலிகப் பராமரிப்பில் இருக்கும்வரை பணம் வந்தது. தத்தெடுக்கப்பட்ட நாளில் நின்றது. நோயுற்ற குழந்தையையோ மாற்றுத்திறன் கொண்ட குழந்தையையோ பல ஆண்டுகள் வளர்த்த குடும்பம், அக்குழந்தையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்ள விரும்பினால் மாதத் தொகையையும் மருத்துவக் காப்பையும் இழக்க வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க 1960களின் இறுதியிலும் 1970களிலும் பல மாநிலங்கள் தத்தம் சொந்த நிதியிலிருந்து உதவித்தொகைத் திட்டங்களைத் தொடங்கின.

1980 ஆம் ஆண்டு சூன் 17 அன்று, 'தத்தெடுப்பு உதவி மற்றும் குழந்தைகள் நலச் சட்டம்' குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரால் கையெழுத்திடப்பட்டது. பராமரிப்புக்கும் தத்தெடுப்புக்கும் ஒரே சட்டத்தலைப்பின் கீழ்க் கூட்டரசு நிதி வழங்க இச்சட்டம் வழிசெய்தது. அதன் பின்னர் வந்த முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

1986 - தத்தெடுப்பின் ஒருமுறைச் செலவுகளை ஈடுசெய்யும் ஏற்பாடு வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டது.

1997 - 'தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம்' பில் கிளிண்டன் காலத்தில் நிறைவேறியது. பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையை உயர்த்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. தத்துப் பெற்றோர் இறந்தாலோ தத்தெடுப்பு முறிந்தாலோ, அடுத்த குடும்பம் தத்தெடுக்கும்போது குழந்தையின் தகுதி தொடரும் என்பதும் இச்சட்டத்தால் உறுதியாயிற்று.

2008 - ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், குழந்தையின் தகுதியைப் பெற்ற குடும்பத்தின் வருமானத்திலிருந்து படிப்படியாகப் பிரித்தது. தத்தெடுக்காமல் காப்பாளராகப் பொறுப்பேற்கும் உறவினருக்கும் உதவித்தொகை வழங்க மாநிலங்களுக்கு விருப்புரிமை அளித்தது.

2018 - மேற்கூறிய பிரிப்பு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை 2024 சூன் 30 வரை ஒத்திவைக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் அது எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் பொருந்துகின்றது.

சிறப்புத் தேவை என்பதன் வரையறை

இச்சட்டத்தில் 'சிறப்புத் தேவை' என்னும் தொடர் உடல் அல்லது மனக் குறைபாட்டை மட்டும் குறிப்பதில்லை. குடும்பம் கிடைப்பது கடினம் என்பதே இதன் உட்பொருள். முழு உடல்நலம் கொண்ட குழந்தையும் இவ்வரையறைக்குள் வரலாம். ஒரு குழந்தை சிறப்புத் தேவையுள்ளதாகக் கருதப்பட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. அக்குழந்தை பெற்றோரின் வீட்டுக்குத் திரும்ப முடியாது அல்லது திரும்பக்கூடாது என மாநிலம் தீர்மானித்திருக்க வேண்டும்.

2. உதவியின்றித் தத்துக்கொடுக்க இயலாது எனக் கருத இடமளிக்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். வயது, இனப் பின்னணி, உடன்பிறந்தோருடன் சேர்த்தே தத்துக்கொடுக்கப்பட வேண்டிய நிலை, நோய், உடல், மன, உணர்வுக் குறைபாடுகள் ஆகியன இத்தகைய காரணங்கள்.

3. உதவித்தொகை இன்றியே குடும்பம் தேடும் நியாயமான முயற்சி செய்யப்பட்டு, அது தோல்வியடைந்திருக்க வேண்டும். குழந்தை தன்னை வளர்க்கும் பராமரிப்புப் பெற்றோருடன் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தால் இம்முயற்சி தேவையில்லை.

இரண்டாவது நிபந்தனைக்குரிய காரணங்களை ஒவ்வொரு மாநிலமும் தானே வரையறுக்கின்றது. எடுத்துக்காட்டாக, டெக்சாசு மாநில விதிகளின்படி ஆறு வயது நிறைந்த குழந்தையும், உடன்பிறந்தோருடன் சேர்ந்து தத்தெடுக்கப்படும் குழந்தையும் மாற்றுத்திறன் இல்லாவிடினும் இவ்வகையில் அடங்குவர். வேறு மாநிலங்களில் வயது எல்லை வேறாக இருக்கும். எனவே ஒரு மாநிலத்தில் சிறப்புத் தேவையுள்ளதாகக் கருதப்படும் குழந்தை, மற்றொரு மாநிலத்தில் அவ்வாறு கருதப்படாமல் போகலாம்.

வருமானத் தகுதி

தத்தெடுக்கும் குடும்பத்தின் வருமானத்தைக் காரணம் காட்டிக் கூட்டரசு உதவிக்கான தகுதியை மறுக்க முடியாது. ஆயினும் குழந்தை எந்தக் குடும்பத்திலிருந்து அகற்றப்பட்டதோ, அந்தக் குடும்பத்தின் வருமானம் நெடுங்காலம் தகுதியைத் தீர்மானித்து வந்தது. சார்ந்திருக்கும் குழந்தைகளைக் கொண்ட குடும்பங்களுக்கான பழைய நலத்திட்டத்தின் அளவுகோல் இதற்குப் பயன்பட்டது. அந்நலத்திட்டம் 1996 ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்ட பின்னரும், 1996 சூலை 16 அன்று இருந்த வருமான வரம்பே மாறாமல் தொடர்ந்தது. விலைவாசி உயர்ந்தபோதும் வரம்பு உயராததால், ஆண்டுதோறும் குறைவான குழந்தைகளே கூட்டரசு நிதிக்குத் தகுதி பெற்றனர். மற்றவர்களுக்கான செலவை மாநிலங்கள் தனியே ஏற்றன.

2008 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொடர்பை நீக்கத் தொடங்கியது. 2010 நிதியாண்டில் பதினாறு வயது நிறைந்தோருக்கும், அதன்பின் ஒவ்வோராண்டும் இரண்டிரண்டு வயது குறைந்தோருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தொடர்ந்து அறுபது மாதங்கள் பராமரிப்பில் இருந்த குழந்தைகளும், தகுதி பெற்ற குழந்தையின் உடன்பிறந்தோரும் வயது வேறுபாடின்றி விலக்குப் பெற்றனர். இதனால் மாநிலங்களுக்கு மிச்சமாகும் பணத்தைக் குழந்தைகள் நலப் பணிகளுக்கே செலவிட வேண்டும். அதில் குறைந்தது 30 விழுக்காட்டைத் தத்தெடுப்புக்குப் பிந்தைய சேவைகள் முதலியவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என 2014 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

தொகை தீர்மானிக்கப்படும் முறை

பராமரிப்புத் தொகை

தத்தெடுப்பு உதவித்தொகையைப் புரிந்துகொள்ள முதலில் பராமரிப்புத் தொகையை அறிய வேண்டும். உணவு, உடை, உறைவிடம், அன்றாட மேற்பார்வை, பள்ளிப் பொருட்கள், குழந்தையின் சிறு செலவுகள், பெற்ற குடும்பத்தைச் சென்று காண்பதற்கான பயணம் முதலியவற்றின் செலவே பராமரிப்புத் தொகை எனச் சட்டம் வரையறுக்கின்றது. ஆனால் இதன் அளவைக் கூட்டரசு நிர்ணயிப்பதில்லை. மாநிலங்களே விகிதப் பட்டியல்களை வெளியிடுகின்றன. பல மாநிலங்களில் குழந்தையின் வயதைப் பொறுத்து அடிப்படை விகிதம் மாறுகின்றது. அதற்கு மேல் குழந்தையின் தேவையைப் பொறுத்து உயர்படிகள் உள்ளன. நியூயார்க் மாநிலம் அடிப்படை, சிறப்பு, விதிவிலக்கு என மூன்று படிகளைக் கொண்டுள்ளது. டெக்சாசு நெடுங்காலம் அடிப்படை, நடுத்தரம், சிறப்பு, தீவிரம் என நான்கு படிகளைப் பின்பற்றியது.

உச்ச வரம்பும் பேச்சும்

தத்தெடுப்பு உதவித்தொகை, அதே குழந்தைக்குரிய பராமரிப்புத் தொகையை விஞ்சக்கூடாது என்பது கூட்டரசு விதி. அதற்குட்பட்டு, குழந்தையின் தேவைகளையும் குடும்பத்தின் சூழ்நிலையையும் கருத்தில் கொண்டு தொகை பேசி முடிவு செய்யப்பட வேண்டும். குடும்பத்தின் வருமானம் தகுதியைப் பறிக்காது. எனினும் தொகையைப் பேசும்போது அது கவனத்தில் கொள்ளப்படலாம். வழங்கப்படும் தொகையில் மாநிலத்தின் செல்வ நிலைக்கேற்ப 50 முதல் 83 விழுக்காடு வரையிலான பங்கைக் கூட்டரசு ஏற்கின்றது.

எடுத்துக்காட்டு

கூட்டரசு வரம்புக்குக் கீழே தத்தம் சொந்த வரம்பை விதிக்கும் மாநிலங்களும் உள்ளன. 2019 ஆம் ஆண்டில் டெக்சாசில் அடிப்படைப் படியிலுள்ள குழந்தைக்குப் பராமரிப்புக் குடும்பம் பெற்ற குறைந்த அளவுத் தொகை நாளொன்றுக்கு 27.07 டாலர் ஆகும். முப்பது நாட்களுக்கு இது சுமார் 812 டாலர். அதே குழந்தை தத்தெடுக்கப்பட்டால் மாத உதவித்தொகையின் வழக்கமான உச்ச வரம்பு 400 டாலர். நடுத்தரப் படியில் பராமரிப்புத் தொகை நாளொன்றுக்கு 47.37 டாலர், அதாவது மாதத்துக்குச் சுமார் 1,421 டாலர். தத்தெடுப்பு உதவித்தொகையின் வழக்கமான வரம்பு 545 டாலர். குழந்தையின் தேவை மிகுதியாக மிகுதியாகக் குடும்பம் இழக்கும் தொகையும் மிகுந்ததை இதிலிருந்து காணலாம்.

ஒப்பந்தம்

உதவித்தொகைக்கான ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். நீதிமன்றம் தத்தெடுப்பின் இறுதி ஆணையை வழங்குவதற்கு முன்னரே அது கையெழுத்தாகியிருக்க வேண்டும். இறுதி ஆணைக்குப் பின்னர் முதன்முறையாக விண்ணப்பிக்கும் குடும்பத்துக்குப் பொதுவாக உதவி மறுக்கப்படும். குழந்தையைப் பற்றிய முதன்மையான உண்மைகள் மறைக்கப்பட்டிருந்தாலோ, இத்திட்டம் இருப்பதே குடும்பத்துக்குத் தெரிவிக்கப்படாதிருந்தாலோ, மாநில முகமையின் முன் நேர்மையான விசாரணை கோரும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

தத்தெடுக்கும் நேரத்தில் பணம் தேவைப்படாத குடும்பங்களும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதில் மாதத் தொகை சுழியமாகக் குறிக்கப்படும். குழந்தைக்கு மருத்துவக் காப்பு கிடைப்பதுடன், பின்னாளில் நோயோ குறைபாடோ வெளிப்பட்டால் தொகை கோரும் வாய்ப்பும் நிலைத்திருக்கும். கருவிலேயே போதைப்பொருளின் பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளிடம் கற்றல், நடத்தைச் சிக்கல்கள் பள்ளி வயதில்தான் தெரியவரக்கூடும் என்பதால் இவ்வகை ஒப்பந்தம் பயனுள்ளதாகக் கருதப்படுகின்றது.

குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் ஒப்பந்தம் செல்லுபடியாகும். பெற்றோரின் இசைவுடன் தொகையைத் திருத்தி அமைக்கலாம். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது உதவி முடிவடைகின்றது. உடல் அல்லது மனக் குறைபாடு காரணமாகத் தொடர வேண்டும் என மாநிலம் முடிவு செய்தால் இருபத்தொரு வயது வரை நீட்டிக்கப்படலாம். பெற்றோரின் சட்டப் பொறுப்பு முடிந்தாலோ, அவர்கள் குழந்தைக்கு எவ்வித ஆதரவும் அளிக்காவிட்டாலோ உதவி நின்றுவிடும்.

பிற உதவிகள்

மருத்துவக் காப்பு - கூட்டரசு உதவிக்கான ஒப்பந்தம் உள்ள குழந்தை, குடும்ப வருமானம் எதுவாயினும் மெடிக்கெய்டு எனப்படும் அரசு மருத்துவக் காப்பைத் தான் வசிக்கும் மாநிலத்திலேயே பெறும். அறுவை மருத்துவமோ நீண்டகாலச் சிகிச்சையோ தேவைப்படும் குழந்தையின் குடும்பத்துக்கு மாதத் தொகையைவிட இக்காப்பு பெருமதிப்புடையதாக அமையலாம்.

ஒருமுறைச் செலவு - வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், வீட்டு ஆய்வு முதலியவற்றுக்குக் குழந்தை ஒன்றுக்கு 2,000 டாலர் வரையிலான செலவில் பாதியைக் கூட்டரசு ஏற்கின்றது. இதற்கும் குறைவான வரம்பை விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு.

வருமான வரிச் சலுகை - 1997 முதல் நடைமுறைக்கு வந்த இச்சலுகையின் உச்ச அளவு 2025 ஆம் ஆண்டுக்கு 17,280 டாலர் ஆகும். சிறப்புத் தேவையுள்ளதாக மாநிலம் தீர்மானித்த குழந்தையைத் தத்தெடுத்தவர், உண்மையில் செலவு செய்யாவிடினும் முழு அளவையும் கோரலாம். ஆனால் 2010, 2011 ஆகிய ஆண்டுகள் தவிர, செலுத்த வேண்டிய வரியைக் கழிப்பதற்கு மட்டுமே இது பயன்பட்டது. இதனால் குறைந்த வருமானம் கொண்ட குடும்பங்கள் பெரிதும் பயனடையவில்லை. 2025 ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்படி 5,000 டாலர் வரை, வரி செலுத்த வேண்டியிராதவர்களும் பணமாகப் பெறலாம்.

வெளிநாட்டுக் குழந்தைகள்

இந்தியா முதலிய வெளிநாடுகளிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களால் தத்தெடுக்கப்படும் குழந்தைகளுக்கு இவ்விதிகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அமெரிக்கக் குடிமக்களோ அந்நாட்டில் வசிப்போரோ அல்லாதவராய், வெளிநாட்டில் தத்தெடுக்கப்பட்ட அல்லது தத்தெடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை 2008 ஆம் ஆண்டுச் சட்டம் மாத உதவித்தொகையிலிருந்து வெளிப்படையாக விலக்கியது. அத்தத்தெடுப்பு முறிந்து குழந்தை அரசுப் பராமரிப்புக்கு வந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. வரிச் சலுகையிலும் இத்தகைய குழந்தைகளுக்கு உண்மையில் செய்யப்பட்ட செலவுகளை மட்டுமே கோர முடியும். குழந்தை மாற்றுத்திறன் கொண்டதாக இருந்தாலும் இந்நிலையில் மாற்றமில்லை.

நீதிமன்ற வழக்குகள்

தொகையின் அளவைப் பற்றிப் பல வழக்குகள் நடைபெற்றுள்ளன. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஒரேகன் மாநிலம் தத்தெடுப்பு உதவித்தொகையை அனைவருக்கும் ஒரே விழுக்காட்டில் குறைத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே தொகை தீர்மானிக்கப்பட வேண்டும் என்னும் உரிமையைக் கோரிப் பெற்றோர் நீதிமன்றத்தை நாடலாம் என 2005 ஆம் ஆண்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில நிதியில் மட்டும் வழங்கப்பட்ட உதவித்தொகைக்கு 2005 ஆம் ஆண்டில் வருமான வரம்பு விதித்த மிசௌரி மாநிலச் சட்டம், 2006 ஆம் ஆண்டில் கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தால் அரசியலமைப்புக்கு முரணானது என அறிவிக்கப்பட்டது.

சட்டம் பட்டியலிடும் செலவுகளை ஈடுசெய்யும் அளவுக்குப் பராமரிப்புத் தொகை இருக்க வேண்டும் எனக் கோரிப் பராமரிப்புப் பெற்றோர் வழக்குத் தொடரலாம் என, கலிபோர்னியா வழக்கில் 2010 ஆம் ஆண்டிலும் நியூயார்க் வழக்கில் 2019 ஆம் ஆண்டிலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறின. மாறாக, மிசௌரி வழக்கில் 2013 ஆம் ஆண்டில் எட்டாம் வட்ட நீதிமன்றம் அத்தகைய உரிமை இல்லை என்றது. கூட்டரசு நிதியுதவிச் சட்டங்களை அடிப்படையாகக் கொண்டு தனிநபர்கள் மாநிலங்கள் மீது வழக்குத் தொடர்வதை 2025 ஆம் ஆண்டில் மெடிக்கெய்டு தொடர்பான தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் மேலும் கடினமாக்கியது.

விளைவுகளும் விமர்சனங்களும்

1996 ஆம் ஆண்டில் அரசுப் பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்பட்டோர் சுமார் 28,000 பேர். இவ்வெண்ணிக்கை 2000 ஆம் ஆண்டில் 50,000ஐக் கடந்தது. 2019 நிதியாண்டில் சுமார் 66,000 குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டனர். அவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரின் குடும்பங்கள் உதவித்தொகை பெற்றன. அவ்வாண்டு இறுதியில் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் சுமார் 4,24,000 பேர்.

பொருளியலாளர்கள் லாரா ஆர்கிசும் பிரையன் டங்கனும் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உதவித்தொகை இரு வழிகளில் தத்தெடுப்பை உயர்த்துவதாகக் காட்டியது. தத்தெடுப்பின் நேரடிச் செலவைக் குறைப்பது முதல் வழி. நீண்டகாலப் பராமரிப்பில் வைத்திருப்பதோடு ஒப்பிடுகையில் தத்தெடுப்பதால் ஏற்படும் இழப்பைக் குறைப்பது இரண்டாவது வழி. அதாவது, உதவித்தொகையின் அளவைப் போலவே, பராமரிப்புத் தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் குடும்பத்தின் முடிவைப் பாதிக்கின்றது.

பணத்துக்காகத் தத்தெடுப்போர் உருவாகக்கூடும் என்பது இத்திட்டத்தின் மீது வைக்கப்படும் விமர்சனம். குழந்தையைத் தத்தெடுக்காமல் பராமரிப்பில் வைத்திருந்தால் அதே தொகையோ கூடுதலாகவோ கிடைக்கும் என்பதால், உதவித்தொகை தத்தெடுப்புக்குத் தனியொரு ஆதாயம் ஆகாது என்பது ஆதரவாளர்களின் விடை. குழந்தை பராமரிப்பிலேயே இருந்தால், தொகையோடு சமூகப் பணியாளர், நீதிமன்ற மேற்பார்வை ஆகியவற்றின் செலவையும் அரசு தொடர்ந்து ஏற்க வேண்டும் என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

மாநிலத்துக்கு மாநிலம் தொகை பெரிதும் வேறுபடுவதும், பேசி வாங்கும் திறனுள்ள குடும்பம் கூடுதலாகப் பெறுவதும் மற்றொரு குறையாகும். உச்ச வரம்பு எவ்வளவு, சுழிய ஒப்பந்தம் என்பது என்ன, கையெழுத்து எப்போது ஆக வேண்டும் என்பவற்றை அறியாத குடும்பம் தனக்குரியதைக் கேட்காமலே இறுதி ஆணையைப் பெற்றுவிடக்கூடும். அந்த ஆணைக்குப் பின்னர் அதைச் சரிசெய்வது கடினம். எனவே, தகவலை முன்கூட்டியே தெரிவிக்கும் பொறுப்பை மாநில முகமைகள் நிறைவேற்றுவது தொகையின் அளவுக்கு இணையான முதன்மை உடையது.

இவற்றையும் பார்க்கவும்

தத்தெடுத்தல்
சமூகப் பாதுகாப்பு (ஐக்கிய அமெரிக்கா)
மெடிக்கெய்டு
குழந்தை உரிமைகள்
மாற்றுத்திறனாளிகள்